பழைய வேகன் ஆருக்கு எல்.இ.டி. போடலாமா? முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 2008 மாடல் வேகன் ஆர். வேலை வேலூரில், வீடு போளூர் பக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகத் திரும்ப வேண்டும். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது, எதிரே பஸ் வந்தால் ரோடே தெரிவதில்லை. ஒரு கடையில் "130 வாட் எல்.இ.டி. மாட்டினா பகல் மாதிரி இருக்கும்" என்கிறார்கள், இன்னொரு கடையில் "அதெல்லாம் எதுக்கு, 100/90 பல்ப் போடு" (பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90) என்கிறார்கள். எது சரி என்பது கேள்வி. அப்பாவும் அதே வண்டியை ஓட்டுகிறார் என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் சாதாரண பல்ப், தான் தர வேண்டிய வெளிச்சத்தையே இன்னும் தரவில்லை என்பது என் கணிப்பு. பல்ப் வரைக்கும் வோல்ட் முழுசாக வந்து சேராது, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும், போதாததற்கு யாரோ எப்போதோ ஸ்க்ரூவைத் திருப்பி லைட்டைத் தரையைப் பார்க்க வைத்திருப்பார்கள். பதினைந்து வயது தாண்டி என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு குறை இருந்திருக்கிறது, சிலதில் மூன்றும். இதைச் சரிசெய்யாமல் எந்த பல்ப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

முதலில் அந்த ரோட்டில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசியுங்கள். பள்ளிகொண்டா பக்கம் 48-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் போனால் நடுவில் மீடியன், அதில் அரளிச் செடி, எதிர் வண்டி வெளிச்சம் பாதிக்கு மேல் மறைந்துவிடும். திருவண்ணாமலை ரோட்டில் அந்த வசதி பெரும்பாலான இடத்தில் கிடையாது, எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் வரும். இடது ஓரத்தில் பின்னால் சிவப்பு லைட் இல்லாத கரும்பு டிராக்டர், மாட்டு வண்டி, பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு நடந்து போகிறவர்கள், கார்த்திகையில் கறுப்பு வேட்டி கட்டிய சாமிமார்கள். ஆக உங்களுக்கு வெளிச்சம் வேண்டியது பம்பருக்கு முன்னால் பத்தடியில் இல்லை, ரோட்டின் இடது ஓரத்தில் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி. 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர் ஓடுகிறீர்கள். பார்த்துச் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்கே 25 மீட்டர் போச்சு, அப்புறம் வண்டி நிற்க இன்னொரு 20 மீட்டர், அதுவும் டயரும் ரோடும் நன்றாக இருந்தால். 80-இல் போனால் மொத்தம் 65, 70 மீட்டருக்கு வந்துவிடும். டிம் லைட்டில் கறுப்பு உடுப்புப் போட்ட ஆள் அவ்வளவு தூரத்தில் தெரிய மாட்டார், நல்ல ஹெட்லைட்டிலும்கூட. அதனால் எதை மாட்டினாலும் டிம்மில் 80 போகலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, பல்புக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது எச்4. ஒரே பல்புக்குள் இரண்டு இழை, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 13.2 வோல்ட் கொடுத்தால் பிரைட் சுமார் 1650 லூமென், டிம் சுமார் 1000 லூமென் தர வேண்டும், அதுதான் சர்வதேச அளவு. பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் சூட்டில் அந்த இடம் வெந்து பல்ப் சீக்கிரம் போய்விடும்). டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு தெரியும். அந்தத் தகடுதான் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் விழாமல் மறைக்கிறது. அதனால்தான் சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு விழுகிறது, இடது பக்கம் மட்டும் அந்தக் கோடு மேல்நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் இடது ஓரம் தூரமாகத் தெரியட்டும், வலது பக்கம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. இழை எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம், தகடு எந்தக் கோணம் என்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்தக் கணக்கை நம்பித்தான் வரையப்பட்டிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எல்.இ.டி. விஷயம் பின்னால் தானாகப் புரியும்.

வோல்ட். ஹாலஜன் பல்பில் பலருக்குத் தெரியாத ஒன்று: வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் கொஞ்சமாக இறங்காது, தடாலென்று விழும். வோல்ட் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறையும். 13.2 வர வேண்டிய இடத்தில் 11.8 வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டது, மிச்சம் இருப்பதும் பழுப்பாகத்தான் இருக்கும். உங்கள் வண்டியில் கரன்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃபியூஸ், ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், நடுவில் நாலைந்து கனெக்டர் எல்லாம் கடந்து, மெல்லிய ஒயரில் பல்புக்கு வந்து, அப்புறம் பாடி எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பச்சை பிடித்த பித்தளையும் துருவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எலி வேறு ஒயரைக் கடித்து, யாராவது டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பார்ப்பது சுலபம். சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் மீட்டர்) போதும். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் அளங்கள்: 13.8-இலிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கோளாறு லைட்டில் இல்லை, டைனமோவிலோ பெல்ட்டிலோ, முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் டிம் போட்டு, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டருக்குப் பின்னால் அளங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் 14 காட்டும், அதை நம்பாதீர்கள், கரன்ட் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். இரண்டு அளவுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் உங்கள் வெளிச்சம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது.

மருந்து, ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்த ஹெட்லைட் ஒயரிங் கிட். மிண்டா, ஹெல்லா என்று நல்ல கிட்டே கிடைக்கிறது, சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் முடியும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நல்ல கனமான ஒயர், 2.5 சதுர மி.மீ. ஆவது இருக்கட்டும், நேராக ரிலேவுக்கு, அங்கிருந்து பல்புக்கு. பழைய ஸ்விட்ச் இனிமேல் ரிலேவைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும் செய்யும். பாரம் குறைவதால் ஸ்விட்ச்சும் நீண்ட நாள் உழைக்கும். எர்த்தையும் பாடியில் துருவின் மேல் முறுக்காமல், பெயின்டைச் சுரண்டிச் சுத்தமான தகட்டிலோ, நேரே பேட்டரி மைனஸிலோ கொடுக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயர் உரசி பாடியில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை, புகை வரும்.

இங்கே ஒரு சிக்கல், எலக்ட்ரீஷியனிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது. பழைய மாருதிகள் பலவற்றில் ஹெட்லைட் ஸ்விட்ச் பிளஸ் பக்கம் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். அதாவது லைட் போட்டதும் பல்பின் பொதுக் காலுக்கு (இரண்டு இழைக்கும் பொதுவான கால்) 12 வோல்ட் வந்து நிற்கும், டிம்-பிரைட் ஸ்விட்ச் எர்த்தைத்தான் மாற்றி மாற்றிக் கொடுக்கும். மார்க்கெட்டில் வரும் சில கிட்களில் அந்தப் பொதுக் கால் உள்ளேயே பாடி எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் பக்கம் ஸ்விட்ச் இருக்கிற வண்டியில் அதை அப்படியே சொருகினால் லைட் போட்ட நொடியில் ஷார்ட், ஃபியூஸ் பட்டென்று போகும். ரிலே காயிலின் அந்த ஒயரை எர்த்திலிருந்து பிரித்துவிட்டால் சரியாகிவிடும். ரிலேவுக்குள் டயோடு இருந்தால் பிளஸ் மைனஸும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிய, பல்பைக் கழற்றி லைட்டைப் போட்டு, ஹோல்டரின் மூன்று காலையும் பாடியோடு வைத்து அளங்கள். பொதுக் காலில் 12 வந்தால் எர்த் பக்கம் ஸ்விட்ச். "கிட் போட்டேன், ஃபியூஸ் போகுது, கிட் மட்டம்" என்று புலம்புகிறவர்களில் பல பேரின் கதை இதுதான்.

இப்போது அந்த 100/90. மேலே சொன்ன கணக்கை வைத்தே பாருங்கள். 55 வாட்டுக்கே ஒன்றரை வோல்ட் தின்கிற ஒயரில் 90 வாட் பல்பைப் போட்டால் கரன்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், இழப்பும் அதே அளவில் ஏறி இரண்டு, இரண்டரை வோல்ட் ஆகும். பல்புக்குப் போய்ச் சேருவது பதினொன்றரை, பன்னிரண்டுக்குள்தான். மிச்சமெல்லாம் ஒயரிலும் ஸ்விட்ச்சிலும் ஹோல்டரிலும் சூடாகப் போகும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். ரிலேவும் செராமிக் ஹோல்டரும் போட்டுவிட்டால் ஒயர் தாங்கும், ஆனால் ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் பூச்சும் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை. அது பொது ரோட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பல்பும் இல்லை. பழைய கண்ணாடி ஹெட்லைட் ஜீப், அம்பாசடர் காலத்துப் பழக்கம், அதை வேகன் ஆருக்குக் கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது முன்பக்க மூடி. பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதன் மேல் வெயில் தாங்க ஒரு பூச்சு உண்டு. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அக்கினி நட்சத்திரத்தில் நாள் முழுக்கக் கூரையில்லாத ஸ்டாண்டில் வண்டி நின்றால் அந்தப் பூச்சு எத்தனை வருஷம் தாங்கும்? பூச்சு போனதும் பிளாஸ்டிக் மஞ்சளாகி வெளுத்துப் போகும். இதனால் வெளிச்சம் குறைவது மட்டும் இல்லை, சிதறும். சிதறினால் எதிரே வருகிறவன் கண்ணில் போகிறது, உங்களுக்கு ரோட்டில் விழவில்லை. இருவருக்கும் நஷ்டம்.

டூத்பேஸ்ட் தேய்க்கும் வீடியோக்களை விட்டுவிடுங்கள், ஒரு மழைக்குத் தாங்காது. வாட்டர் பேப்பர் வாங்கி, சுற்றிலும் பெயின்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 800 நம்பர் பேப்பர், அப்புறம் 1500, 2000, கடைசியில் 3000 என்று தேய்க்க வேண்டும் (நம்பர் ஏற ஏற பேப்பர் நைஸாகும்). 800-இல் தேய்க்கும்போது பழைய பூச்சு முழுக்கப் போய் ஒரே சீராக வெள்ளையாக வரும், பயந்துவிடாதீர்கள். அப்போதுதான் பலர் அவசரப்பட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், மஞ்சள் திட்டு எங்காவது மிச்சம் இருந்தால் கடைசி வரைக்கும் அது தெரியும். முடிவில் காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ். இதோடு நிறுத்தினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும், ஏனென்றால் வெயில் தாங்கும் பூச்சை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டீர்கள். அதனால் டிங்கரிங் பெயின்ட் கடையில் ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட் அடித்து வாங்குங்கள். அது அடிப்பதாக இருந்தால் 3000, பாலிஷ் வரை போகக் கூடாது, கிளியர் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அடிக்கிறவரிடம் கேட்டுவிட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

உள்ளே ரிஃப்ளெக்டரையும் ஒரு பார்வை பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தாலோ, பல்புக்கு மேலே கறுத்திருந்தாலோ ஒன்றும் செய்ய முடியாது. துணி விட்டுத் துடைத்தால் அந்த மெல்லிய அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும். குரோம் பிளேட்டிங் போட்டுத் தருகிறேன் என்பார்கள், கேட்காதீர்கள்: கண்ணுக்குப் பளபளவென்று இருந்தாலும் குரோம் மேலே விழும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும், அலுமினியம் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பும். ரிஃப்ளெக்டர் போயிருந்தால் முழு அசெம்பிளியை மாற்றுவதுதான் வழி. கம்பெனி பார்ட்ஸோ, லூமாக்ஸோ வாங்குங்கள், மாருதிக்கு லைட் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். பெயரில்லாத டப்பாவில் பாதி விலைக்குக் கிடைப்பதை மாட்டினால் வெளிச்சக் கோடு எங்கே விழும் என்று செய்தவனுக்கே தெரியாது.

இனி அட்ஜஸ்ட்மென்ட். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், காசே ஆகாதது, யாரும் செய்யாததும் இதுதான். டிம் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க வேண்டும், அதாவது பத்து மீட்டர் போனால் பத்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். லைட் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்தக் கோடு 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். யாரோ ஸ்க்ரூவைத் திருப்பி அதை நூற்றுக்கு மூன்று ஆக்கிவிட்டால் 23 மீட்டரில் தரை தட்டிவிடும். மேலே 60 கி.மீ. வேகத்தில் நிற்க 45 மீட்டர் வேண்டும் என்று பார்த்தோமே, இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் ஒரு ஏமாற்று வேறு இருக்கிறது. லைட் தாழ்ந்திருந்தால் வண்டிக்கு முன்னால் தரை பளிச்சென்று இருக்கும், ஓட்டுகிறவருக்கு "லைட் சூப்பர்" என்றுதான் தோன்றும். கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிவிட்டால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும்.

ஒரு சமதளமான இடம், எதிரே சுவர். டயரில் காற்று சரியாக, டேங்கில் பாதி பெட்ரோல், ஓட்டும் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். டேஷ்போர்டில் லைட் உயரத்தை மாற்றும் உருளை இருந்தால் 0-இல் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி இரண்டு பல்பின் நடுப்புள்ளியையும் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள், அப்புறம் நேராகப் பின்னால் வந்து ஏழரை மீட்டரில் நிறுத்துங்கள். டிம் போட்டால் கோட்டின் தட்டையான பகுதி அந்தக் குறிக்கு ஏழரை செ.மீ. கீழே விழ வேண்டும், கோடு இடப்பக்கம் மேலே சாயத் தொடங்கும் முனை குறிக்கு நேர் கீழே வர வேண்டும். ஒரு லைட்டைத் துணி போட்டு மூடி மற்றதைச் சரிசெய்யுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழம்பும். வீட்டோடு ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், லைட் எதிரே வருகிறவன் முகத்துக்குப் போகும். அந்த உருளை இருப்பது அதற்காகத்தான், யாரும் தொடுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு நல்ல பல்ப் வாங்குங்கள். அதே 60/55 வாட்டில் பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம் விஷன், ஆஸ்ராம் நைட் பிரேக்கர் என்று வருகிறது. இழையை இன்னும் நெருக்கமாக, துல்லியமாகச் சுற்றியிருப்பார்கள், அதனால் ரோட்டில் தூரத்துப் புள்ளியில் கூடுதல் வெளிச்சம் விழும். டப்பாவில் 100, 130 சதவீதம் கூடுதல் என்று போட்டிருப்பது ரோட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்ட கணக்கு, மொத்த வெளிச்சமே இரட்டிப்பாகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுள் சாதாரண பல்பைவிடக் குறைவு. நீலக் கண்ணாடி போட்டு "5000 கெல்வின், வெள்ளை வெளிச்சம்" என்று விற்கும் ஹாலஜன் வேண்டவே வேண்டாம், அந்த நீலப் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பகுதியை வடிகட்டி எறிந்துதான் வெள்ளையாகக் காட்டுகிறது. எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

எல்.இ.டி.க்கு எதிரி இல்லை நான். கம்பெனியிலேயே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்து வரும் புது வண்டிகளின் லைட் அருமையாக இருக்கிறது. பிரச்சினை, ஹாலஜனுக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுவது. இழை சுற்றிலும் எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும், எல்.இ.டி. சில்லு தட்டை, இரண்டு பக்கம்தான் வீசும், நடுவில் இருக்கும் தகட்டின் கனத்தால் இரண்டு சில்லும் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகியே உட்காரும். விளைவு, முன்னால் தரையெல்லாம் வெள்ளை வெளேர், தூரத்தில் ஒன்றும் இல்லை, எதிரே வருகிறவன் கண் கூசிக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போவான். மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த நீலம் கலந்த வெள்ளையில் கோடு எங்கே, பள்ளம் எங்கே என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். 130 வாட் என்பதும் டப்பாவில்தான். ஒரு பல்பு நிஜமாகவே 130 வாட் இழுத்தால் பத்து ஆம்பியர் ஓட வேண்டும், அந்தச் சூட்டைக் கட்டைவிரல் அளவு ஃபேன் எப்படி வெளியேற்றும்? ஆம்பியர் அளந்து பாருங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும். கடையில் மாட்டிய புதிதில் பார்ப்பதை மட்டும் நம்பாமல் கால் மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள், சூடு ஏற ஏற மட்டமான எல்.இ.டி.யின் வெளிச்சம் இறங்கும்.

நல்ல எல்.இ.டி. மாற்றுப் பல்பே கிடையாதா என்றால், உண்டு. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராமின் எச்7 ரகத்துக்கு (ஒரே இழை உள்ள இன்னொரு பல்ப் வகைக்கு மாற்று)ப் பொது ரோட்டில் ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை, எந்த மாடலின் எந்த ஹெட்லைட்டில் சோதித்துச் சரியாக வந்ததோ அதற்கு மட்டும், பட்டியல் போட்டு. பல்பு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அது உட்காரும் லைட்டோடு சேர்த்துத்தான் தீர்ப்பு என்பது அதிலேயே தெரிகிறது. ஜீப், ஜிப்ஸிக்கு வரும் ஏழு இஞ்ச் வட்ட எல்.இ.டி. முழு லைட்டாகவே வருவதால் கொஞ்சம் தேவலை, ஆனால் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது நிறைய இங்கே வந்து விற்கிறது. சுவரில் அடித்துப் பாருங்கள், கோடு வலப்பக்கம் மேலே ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி. மத்திய மோட்டார் வாகன விதி 106, எதிரே எட்டு மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கும் லைட் இருக்கக் கூடாது என்கிறது. முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு பெயின்டில் பொட்டு வைத்து அனுப்புவார்களே, அதெல்லாம் இதற்காகத்தான். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-இல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது, ஆர்.சி. புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயாக வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது லைட்டைத்தான்.

எச்.ஐ.டி. (செனான் வாயு பல்ப்) கிட், எல்.இ.டி.யைவிட மோசமான கூச்சம், விட்டுத் தள்ளுங்கள். லைட்டைப் பிரித்து உள்ளே புரொஜெக்டர் (லென்ஸ் வைத்த லைட்) வைப்பது தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான வழிதான், கோடு கத்தி மாதிரி விழும். ஆனால் திரும்ப ஒட்டும்போது சீல் சரியாக இல்லை என்றால் ஐப்பசி மழையில் உள்ளே வியர்த்துத் தண்ணீர் கட்டும், செலவும் 2008 வண்டிக்கு நியாயமில்லை, சட்டப்படி அதுவும் மாற்றம்தான்.

அப்பா விஷயம். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான், கூச்சத்திலிருந்து மீளவும் நேரம் கூடுதல். எதிர் வண்டி லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அவர் சொன்னால் பல்பு மாற்றுவதற்கு முன் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், புரை ஆரம்பமாக இருக்கலாம். விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தையும் துடையுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் ஆவியாகிப் படியும் எண்ணெய்ப் படலம் பகலில் தெரியாது, ராத்திரி எதிர் லைட் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் பூசின மாதிரி ஆகும். வைப்பர் கோடு போட்டிருந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

செய்யும் வரிசை என்று கேட்டால்: இந்த ஞாயிறு கண்ணாடி துடைத்து, சுவரில் அட்ஜஸ்ட் செய்து, மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள், இதற்கு ஒரு ரூபாய் ஆகாது. அந்த அளவுகளை எனக்கு எழுதுங்கள், பேட்டரியில் எவ்வளவு, இரண்டு ஹோல்டரிலும் எவ்வளவு, பொதுக் காலில் 12 வருகிறதா என்று. கிட் எது, எப்படி ஒயர் செய்வது என்று அதை வைத்துச் சொல்கிறேன். மூடியைத் தேய்ப்பது அதற்கு அடுத்த வாரம். தேய்த்த பிறகு, பல்பு மாற்றிய பிறகு, இரண்டு தடவையும் மறுபடி சுவரில் பார்த்துவிடுங்கள், பல்பைக் கழற்றி மாட்டினாலே கோடு கொஞ்சம் நகரும். கழற்றிய பழைய பல்பு எரிகிறது என்றால் டிஷ்யூ சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள், கண்ணமங்கலத்தைத் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்று ஃபியூஸ் ஆனால் கடை திறந்திருக்காது.